சரக்குப் பெட்டக வீடுகள்

கண்டெய்னர் என்று பொதுவழக்கில் கூறப்படும் எஃகுச் சரக்குப் பெட்டகங்களை, அவற்றின் கடற்பணி முடிந்தபின், அடுக்கியும் இணைத்தும் குடியிருப்பாக்கும் முறை கட்டடக்கலையில் அண்மைக் காலத்தது. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி அமெரிக்க வணிகர் மால்கம் மெக்லீன், ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டகங்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பின்னர் பெட்டகங்களின் அளவு உலகெங்கும் ஒருமைப்பட்டமையே இத்தகைய வீடுகளைச் சாத்தியமாக்கிற்று.

அடுக்கப்பட்ட பெட்டகங்களின் பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களின் வழியாகவே இறங்குவதால், பல மாடிகளை விரைவில் எழுப்ப இயல்கிறது. ஆயினும் மடிப்பு மடிப்பான பக்கத் தகடுகளும் அச்சட்டத்துக்கு உறுதியளிப்பவை ஆதலின், சன்னலுக்காக அவற்றை அறுக்கும் இடந்தோறும் எஃகுச் சட்டமிட்டு வலுப்படுத்துதல் அவசியமாகும். எஃகு உஷ்ணத்தை எளிதில் கடத்துமாகையால், வெப்பக்காப்பு இல்லாத பெட்டகம் கோடையில் சூளையாகிவிடும். குளிர்நாடுகளிலோ உட்சுவரில் நீர் கோத்துத் துருவுக்கு வழிசெய்யும். காப்புப் பொருளை உட்புறம் பதித்தால், ஏற்கெனவே சுமார் 2.35 மீட்டரேயுள்ள அகலம் மேலும் சுருங்குமாதலால், வெளிப்புறம் பதிப்பதே விவேகம். பூச்சிக்கொல்லி ஊட்டப்பட்ட பலகைத் தளத்தையும், முன்னர் ஏற்றிய சரக்கின் தன்மையையும் ஆராயாமல் எவரையும் அதில் குடியமர்த்துதல் தகாது.

லண்டனில் டிரினிட்டி பாய் வார்ஃப் என்னுமிடத்தில் 2001இல் எழுந்த ‘கண்டெய்னர் சிட்டி’ இவ்வகையின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. ஆம்ஸ்டர்டாமின் கீட்வோனன் மாணவர் குடியிருப்பு, ஐந்தாண்டுக் காலத்துக்கென்று தற்காலிகமாக அமைக்கப்பட்டு, அதற்கு மேலும் நெடுங்காலம் நிலைத்தது. ஏறத்தாழ 1,000 அறைகள் கொண்ட அதன் பெட்டகங்கள் சீனாவிலேயே அறைகளாக ஆயத்தஞ்செய்யப்பட்டுக் கொண்டுவரப்பட்டவை. இவற்றினும் மெச்சத்தக்கது, பிரான்சின் துறைமுக நகரமான லே ஆவ்ரில் 2010இல் திறக்கப்பட்ட மாணவர் விடுதியே. பழைய பெட்டகங்களை நெருக்கி அடுக்காமல், எஃகுச் சட்டகத்தில் இடைவெளிவிட்டுப் பொருத்தி, அவ்விடைவெளிகளையே நடைபாதைகளாகவும் மாடங்களாகவும் பயன்படுத்தியதனால், அங்குள்ள 100 சிறு குடியிருப்புகளுக்கும் காற்றும் வெளிச்சமும் தாராளமாகக் கிடைக்கின்றன.

நாற்பதடிப் பெட்டகமொன்றின் எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்டது. கடலில் உழைத்து ஓய்ந்த பெட்டகமாயின், அவ்வெஃகை உருக்கி வார்க்கும் எரிபொருள் மிஞ்சுகிறது. புதுப் பெட்டகத்தை வீட்டுக்கென்றே வாங்குவதோ, அத்தனை சிறிய அறைக்குத் தேவைக்கு மிஞ்சிய எஃகைச் செலவிடுவதாகுமாதலின், அதைச் சிக்கனமென்று கொள்வதற்கில்லை.