காண்டனீஸ் பேச்சுக்கு இலக்கணம் கண்ட கதை

ஈப்போ பசாரிலும் கோலாலம்பூர் பெட்டாலிங் சாலையிலும் நம் காதில் விழும் சீனப் பேச்சு பெரும்பாலும் காண்டனீஸ்தான். தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து ஈயச் சுரங்க வேலைக்கும் வணிகத்துக்கும் வந்தவர்களோடு கப்பலேறி வந்த மொழி அது. "அதுக்கெல்லாம் இலக்கணம் ஏதுங்க, சும்மா வாய்ப்பேச்சுதானே" என்பார் நம்மில் சிலர். படித்த சீனர்களே நெடுங்காலம் அப்படித்தான் எண்ணி வந்தார்கள். வீட்டில் பேசுவது ஒன்று, பள்ளியில் எழுதுவது வேறொன்று, எழுத்துக்குத்தான் மரியாதை.

ஆகவே அந்த வாய்ப்பேச்சை அகராதியாகவும் பாடநூலாகவும் எழுதிவைக்க அயலார் வரவேண்டியிருந்தது. மலாக்காவில் 1818இல் ஆங்கில–சீனக் கல்லூரியை நிறுவிய பாதிரியார் இராபர்ட் மோரிசன், 1828இல் மக்காவில் காண்டனீஸ் சொல் அகராதி ஒன்றை அச்சிட்டார். 1883இல் ஹாங்காங் அரசுப் பணியாளர் டயர் பால் 'காண்டனீஸ் மேட் ஈஸி' என்னும் பாடநூலை வெளியிட்டார். அதிகாரிகளும் பாதிரிமார்களும் பேசக் கற்கவேண்டும் என்பதே இவர்கள் நோக்கம். அதனால் வாயில் வந்தபடியே எழுதினார்கள். நமக்கு அதுவே பெரிய லாபம்!

எப்படி என்கிறீர்களா? "சோறு சாப்பிடுகிறாயா?" என்று கேட்க அன்றைய நூல்களில் உள்ள அமைப்பு "சிக் ஃபான் ம் சிக்" என்பது போன்றது. 'சிக்' என்றால் உண், 'ஃபான்' சோறு, 'ம்' என்பது மறுப்பு. இன்றோ "சிக் ம் சிக் ஃபான்" என்கிறார்கள். பின்னால் நின்ற மறுப்பு முன்னால் நகர்ந்துவிட்டது. பழைய பாடநூல்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு இதை விளக்கியவர் பேராசிரியர் சாமுவேல் சியுங். ஹாங்காங் பேச்சின் இலக்கணத்தைப் பற்றி 1972இலேயே நூல் எழுதியவர் அவர்.

ஒலியும் மாறியது. 'நீ' என்பதற்குரிய 'நேய்' இளையோர் வாயில் 'லேய்' ஆனது. "சோம்பேறி உச்சரிப்பு" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். பழத்தைப் 'பளம்' என்றால் நம் வாத்தியார் அதட்டுவதில்லையா, அதே கதைதான்!

எனக்கு மிகவும் பிடித்தது வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் சின்னஞ்சிறு அசைகள். அவை வெறும் இழுவை அல்ல. நாம் வந்தானா, வந்தானே, வந்தானோ என்று ஓர் எழுத்தால் பொருளை மாற்றுகிறோம் அல்லவா? 1990இல் கே.கே. லூக் என்ற அறிஞர் லா, லோ, வோ என்ற மூன்று அசைகளுக்காகவே, மக்கள் இயல்பாகப் பேசிக்கொண்ட உரையாடல்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 'லோ' என்று முடித்தால், "இது தெரிஞ்சதுதானே" என்ற குறிப்பு. 'வோ'வைத் தாழ்ந்த குரலிலிருந்து ஏற்றிச் சொன்னால், "மழை வருமாம்" என்பதில் வரும் நம் 'ஆம்' போல, பிறர் சொல்லக் கேட்ட செய்தி என்று பொருள். 1994இல் மாத்யூஸ், யிப் இருவரும் முழு இலக்கண நூலே தந்துவிட்டார்கள்.

ஆனால் இவையெல்லாம் முக்கியமாக ஹாங்காங் பேச்சையே பேசுகின்றன. சந்தையை அங்கே 'காய்ஷீ' என்பர். நம் ஊர்க் காண்டனீஸ்காரருக்கு அது 'பாசாட்', அதாவது மலாய்ப் பசார்! சிங்கப்பூரில் 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு, பாட்டியின் காண்டனீஸ் பேரப்பிள்ளைக்குப் புரியாமல் போன வீடுகள் பல. ஒலிப்பதிவுக் கருவியோடு ஈப்போவுக்கு வரும் ஆராய்ச்சியாளருக்கு இன்னும் வேலை நிறைய இருக்கிறது.