வானூர்தி எரிபொருள் கலவைகளின் பண்பு முன்கணிப்பு

தாவர எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய், வேளாண் கழிவு முதலியவற்றிலிருந்து செய்த எரிபொருளை வழக்கமான ஜெட் எரிபொருளோடு கலந்தால் கிடைக்கும் கலவையின் அடர்த்தி, பாகுநிலை, உறைநிலை, தீப்பற்று வெப்பநிலை ஆகியவற்றைக் கலப்பதற்கு முன்பே கணக்கிட்டறியும் முறை. முழுச் சான்றிதழ்ச் சோதனைக்கு எரிபொருள் ஆயிரக்கணக்கான லிட்டர் தேவைப்படலாம். புதிய எரிபொருளோ ஆய்வகத்தில் முதலில் சில நூறு மில்லி லிட்டரே கிடைக்கும். முன்கணிப்பின் தேவை இங்கிருந்து எழுகிறது.

திரவக் கலவைகளின் பாகுநிலைக்கு ஸ்வாந்தே அரீனியஸ் 1887இல் தந்த மடக்கை விதி இத்துறையின் தொடக்கக் கால விதிகளுள் ஒன்று. செயற்கை எரிபொருளைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் லொய்னா ஆலை 1927இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்தது. தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்து செய்த ஜெட் எரிபொருளைப் பாதியளவு வரை கலக்க 1999இல் ஒப்புதல் கிடைத்தது.

நிலக்கரியிலிருந்து பெறும் செயற்கை ஜெட் எரிபொருளும் தாவரக் கழிவிலிருந்து அதே முறையில் பெறுவதும் இயற்பண்பில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன்னது புதைபடிவ மூலத்தது. அதை நிலைத்த எரிபொருளாகப் பொதுவாக ஏற்பதில்லை.

கணிப்பதில் எளியது அடர்த்தி. கனஅளவு விகிதப்படி கூட்டினால் விடை பெரும்பாலும் சரியாகவே வரும். வழக்கமான ஜெட் எரிபொருள் வகையான ஜெட் ஏ-1க்கு 15 டிகிரி செல்சியஸில் கனமீட்டருக்கு 775 முதல் 840 கிலோ வரை வேண்டும். 800 கிலோ அடர்த்தியுள்ள வழக்கமான எரிபொருளில் 750 கிலோ அடர்த்தியுள்ள தாவர எரிபொருளைச் சரிபாதி கலந்தால் 775. எல்லையை மயிரிழையில் தொட்டு நிற்கும். அரோமாட்டிக் சேர்மங்களும் இப்படியே கூடும். ரப்பர் அடைப்பான்கள் உப்பிக் கசிவைத் தடுக்க அவை குறைந்தது 8 விழுக்காடு வேண்டும்; தாவர எரிபொருளில் அவை இல்லையென்றே சொல்லலாம். வழக்கமான எரிபொருளில் 14 விழுக்காடு இருந்தால், தரவிதி 50 விழுக்காடு கலக்க இடம் தந்தாலும் கணக்கு 43 விழுக்காட்டுக்குள் நிறுத்திவிடும்.

மற்றவை இவ்வளவு பணிவானவை அல்ல. சிறிதளவு இலேசான பகுதி சேர்ந்தாலே தீப்பற்று வெப்பநிலை சரியும். உறைநிலை என்பது, குளிர்வித்த எரிபொருளை மெல்லச் சூடேற்றும்போது கடைசி மெழுகுப் படிகம் மறையும் வெப்பநிலை; ஜெட் ஏ-1க்கு அது மைனஸ் 47 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நேர்சங்கிலி பாரஃபின்கள் சற்றே மிகுந்தாலும் அது ஏறும். குளிரில் உறையாதது எளிதில் ஓடும் என்றும் சொல்ல முடியாது. சர்க்கரையை நொதிக்கவைத்துப் பெறும் ஃபார்னசேன் மைனஸ் 90 டிகிரியிலும் உறையாது. ஆயினும் மைனஸ் 20இல் அதன் பாகுநிலை, அனுமதிக்கப்பட்ட வினாடிக்கு 8 சதுர மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். 2014இல் அதற்கு 10 விழுக்காடு மட்டுமே அனுமதி கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

இந்தியாவில் இத்தகைய கலவைகளோடு பல பறப்புகள் 2018 முதல் 2020 வரை நடந்தன. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை, 25 விழுக்காடு கலவையாக ஒரு எஞ்சினில் ஏற்றி, 2018 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பைஸ்ஜெட் கியூ400 விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. விதைகள் சத்தீஸ்கர் உழவர்களிடமிருந்து வந்தவை. டிசம்பர் 17 அன்று விமானப்படையின் ஏஎன்-32 சண்டிகரில் சோதனைப் பறப்பு நடத்தியது. 2019 குடியரசு நாளில் 10 விழுக்காடு கலவையோடு ராஜபாதைக்கு மேல் பறந்தது. 2020 ஜனவரி 31 அன்று, கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கும் மேலே உள்ள லே விமானதளத்தில் அதே வகை விமானம் இரு எஞ்சின்களிலும் கலவையோடு இறங்கி ஏறியது. கடுங்குளிரும் மெல்லிய காற்றும் உள்ள அந்த இடத்தில் கலவை மெய்யாகவே சோதிக்கப்பட்டது. மேற்சொன்ன அடர்த்திகளின்படி 10 விழுக்காடு கலப்பு கனமீட்டருக்கு 5 கிலோவைத்தான் குறைக்கும். கலப்பு விழுக்காடு உயர உயரத்தான் முன்கணிப்பின் சுமை கூடுகிறது. கலப்பு எரிபொருளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17081, 2019இல் வந்தது.

அண்மைக் காலத்தில் இருபரிமாண வளிமநிறப்பிரிகை மூலம் சேர்மக் குழுக்களைப் பிரித்தறிந்து பண்புகளைக் கணிக்கும் முறை பரவியுள்ளது. இயந்திரக் கற்றலும் பயன்படுகிறது; பயிற்சித் தரவில் இல்லாத வகை எரிபொருளுக்கு அதை எவ்வளவு நம்பலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கலப்பு விழுக்காடும் உயரவுள்ளது: பன்னாட்டு விமானங்களுக்கு 2027இல் 1, 2028இல் 2, 2030இல் 5 விழுக்காடு நிலைத்த எரிபொருள் கலப்பு என்பது இந்தியாவின் இலக்கு. இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்வதற்கான பன்னாட்டுச் சான்றிதழை 2025இல் பெற்றது.