வீட்டு ரவுட்டரில் தேங்கும் தாமதம்: பஃபர் சிக்கலும் தீர்வுகளும் வளர்ந்த வரலாறு

வீட்டு ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் எனப்படும் தரவுத் துண்டுகள் தேங்குவதால் உண்டாகும் தாமதம் வேறு, இணைப்பின் வேகக் குறைவு வேறு. தேனி மாவட்டம் வீரபாண்டியில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்புள்ள ஒரு வீட்டிலும், ஒருவர் திருமண வீடியோவை இணையத்தில் ஏற்றும்போது மற்றவரின் வீடியோ அழைப்பு திக்கித் திணறலாம். அழைப்பின் சிறு பாக்கெட்டுகள் வீடியோவின் பெரிய பாக்கெட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதே காரணம். அந்த வரிசைக்கு இடம் தரும் நினைவகமே பஃபர். அவ்வூர் கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் வரிசைப் பந்தலை நீட்டினால் சன்னதியைக் கடக்கும் வேகம் கூடாது. கடைசியில் நிற்பவரின் காத்திருப்புதான் கூடும். பஃபரைப் பெருக்குவதும் அப்படிப்பட்டதே.

இந்த ஆபத்து புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. எல்லையற்ற நினைவகம் கொண்ட கருவியும் நெரிசலில் பயனற்றுப்போகும் என்று ஜான் நேகல் 1985இல் ஆர்.எஃப்.சி. 970 ஆவணத்தில் காட்டிவிட்டார். மறு ஆண்டே, கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தரவு வேகம் 32 கே.பி.பி.எஸ். அளவிலிருந்து வெறும் 40 பி.பி.எஸ். ஆக வீழ்ந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் நெரிசல் கட்டுப்பாட்டு முறையை வெளியிட்டார். பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பது அதன் அடிப்படை. பஃபர் மிகப் பெரிதானால் பாக்கெட் தொலைவதே தள்ளிப்போகிறது. அறிகுறி கிடைக்காத அனுப்புநர் மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

வரிசை நிரம்பும் முன்பே சில பாக்கெட்டுகளைக் கைவிடும் ரெட் முறையை 1993இல் சாலி ஃப்ளாய்டும் ஜேக்கப்சனும் முன்வைத்தனர். ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே அளவுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால் அது பரவலாகவில்லை. இதற்கிடையே நினைவகம் மலிவானது. பாக்கெட் இழப்பைக் குறையாகக் கருதிய தயாரிப்பாளர்கள் பஃபரைப் பெருக்கினார்கள்.

இந்தியாவின் 2004ஆம் ஆண்டு அகன்ற அலைவரிசைக் கொள்கை குறைந்தபட்ச வேகமாக 256 கே.பி.பி.எஸ். நிர்ணயித்தது. அவ்வேகத்தில் 64 கிலோபைட் பஃபர் நிரம்பினால், அது காலியாக 2 விநாடி ஆகும். அதே பஃபர் 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் சுமார் 5 மில்லிவிநாடியில் காலியாகிவிடும். ஆக, ஒரு பஃபர் பெரிதா சிறிதா என்பதைப் பைட் கணக்கில் சொல்லவே முடியாது. நேகலின் ஆவணத்துக்குப் பின், இந்த எளிய உண்மை வழிமுறையாக உருப்பெறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ், தம் வீட்டு இணைப்பில் ஒரு விநாடிக்கும் மேற்பட்ட தாமதத்தை 2010இல் ஆராய்ந்து, அதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். அவரும் டேவ் டாட்டும் முன்னின்று ஆய்வாளர்களைத் திரட்டினர். வீட்டு ரவுட்டரிலேயே தீர்வுகளைச் சோதிக்க செரோ டபிள்யு.ஆர்.டி. என்ற திறந்த மென்பொருளும் உருவானது.

திருப்பம் 2012இல் வந்தது. கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடல் முறை வரிசையின் நீளத்தை எண்ணவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்தது. திடீரென வந்து உடனே கரையும் வரிசையால் தீங்கில்லை. 100 மில்லிவிநாடி முழுவதும் காத்திருப்பு ஒருமுறைகூட 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காவிட்டால், அது நிலைத்துவிட்ட வரிசை. அப்போது கோடல் ஒரு பாக்கெட்டைக் கைவிடும். தேக்கம் தொடர்ந்தால் கைவிடும் இடைவெளியைச் சுருக்கும். அளவுகோல் நேரமாகிவிட்டதால் 256 கே.பி.பி.எஸ். இணைப்புக்கும் 100 எம்.பி.பி.எஸ். இணைப்புக்கும் பெரும்பாலும் அதே அமைப்பு போதும். அதே ஆண்டில் எரிக் டுமாசே லினக்ஸில் சேர்த்த எஃப்.க்யூ. கோடல், ஒவ்வொரு தரவு ஓட்டத்தையும் தனி வரிசையாகப் பிரித்து, குரல் அழைப்பு போன்ற மெல்லிய ஓட்டங்களுக்கு முதலிடம் தந்தது. 2018இல் லினக்ஸில் சேர்ந்த கேக், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் நியாயமான பங்கு கிடைக்கச் செய்தது.

இவ்வரலாற்றில் இந்தியப் பங்கும் உண்டு. சிஸ்கோ ஆய்வாளர்கள் உருவாக்கிய பை முறையுடன் ஓட்டப் பிரிப்பை இணைக்கும் எஃப்.க்யூ. பை, சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மோஹித் தஹிலியானியின் குழுவினரால் எழுதப்பட்டு, 2020இல் லினக்ஸ் 5.6 பதிப்பில் இடம்பெற்றது.

இம்முறைகள் எதுவானாலும் வரிசை உருவாகும் இடத்தில் இருந்தால்தான் பயன்படும். ரவுட்டர் ஒரு ஜிகாபிட் வேகத்தில் அனுப்பி, அதற்கு அடுத்துள்ள ஃபைபர் பெட்டி 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே கடத்தினால், தேக்கம் அந்தப் பெட்டிக்குள் நேர்கிறது. அதனால் ரவுட்டரின் வேகத்தை இணைப்பின் உண்மை வேகத்தில் 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் நிறுத்தி, வரிசையை ரவுட்டருக்குள் கொண்டுவருகிறார்கள். ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. மென்பொருளில் இந்த வசதி உண்டு. தடித்த சுவருக்கு அப்பாலுள்ள அறையில் வைஃபை வேகமே சரிந்தால் அங்கும் வரிசை வளரும். அதற்கான தீர்வு வைஃபை இயக்கிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இந்தியாவில் 2013இல் 512 கே.பி.பி.எஸ்., 2023இல் 2 எம்.பி.பி.எஸ். என அகன்ற அலைவரிசையின் வரையறை உயர்ந்தது. இருவழி உரையாடலுக்கு ஏற்ற இணைப்பு வேண்டும் என்று அது சொன்னாலும், எண்ணால் குறிக்கப்படுவது பதிவிறக்க வேகம் மட்டுமே. சுமையுள்ள நேரத்துத் தாமதத்துக்கும் அங்கே ஓர் எண் தேவை. அதை அளப்பது கடினமல்ல: இணைப்பு ஓய்வாக இருக்கும்போது ஒருமுறை, பெரிய கோப்பை ஏற்றும்போது ஒருமுறை பிங் நேரத்தை, அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை, பார்த்தால் போதும். முதல் அளவு 20 மில்லிவிநாடி, இரண்டாவது 400 என்று வந்தால், கூடுதல் வேகத் திட்டம் வாங்குமுன் ரவுட்டரின் வரிசையைச் சரிசெய்வதே முறை.