காதுக்கு இசைந்த கருவி

காதில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கும் சிறு கருவியை அறியாத பிள்ளைகள் இன்று நம் தோட்டங்களில் இல்லை. இயர்போன் என்று அதனை அழைக்கிறோம். ரிங்லெட் கடைத்தெருவில் அதை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார். ஒலி நன்றாக இருக்குமா? காது வலிக்காமல் இருக்குமா? இவை வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் ஒரே வேர்தான் என்பதை இக்கருவியின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அந்த வேரைப் பற்றித் தெரிந்துகொண்டால் நம் செவியையும் காத்துக்கொள்ளலாம்.

தொலைபேசி 1876இல் பிறந்தது. அதன் பின், இணைப்பகங்களில் நாள் முழுதும் உட்கார்ந்து பேச்சைக் கேட்கும் வேலை ஒன்று புதிதாக உண்டாயிற்று. 1880களில் அந்த வேலையாட்களுக்குக் கொடுத்த கருவியைத் தோளில் சுமக்க வேண்டியிருந்தது. அதன் எடை ஏறத்தாழ 5 கிலோ. கொழுந்துக் கூடையைச் சுமந்த தோள்களுக்கு அதன் பாரம் எப்படிப்பட்டது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தத் துன்பத்தைத் தீர்க்க வழி தேடியவர்களில் ஒருவர் எர்னெஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுக்காரர். இரு காதுகளிலும் செருகிக்கொள்ளும் சிறு கருவிக்கு அவர் 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதன் எடை 50 கிராமுக்கும் குறைவு. காதில் நுழையும் முனைக்கு அவர் ரப்பர் உறை போட்டார். காது உராய்ந்து புண்ணாகாமல் இருக்க வேண்டும், வெளி ஓசை உள்ளே நுழையாமலும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சுகமும் ஒலித்தெளிவும் ஒரே உறையால் கிடைத்தன. இன்று நாம் வாங்கும் இயர்போனின் நுனியில் இருக்கும் மிருதுவான உறைக்கு அதுவே மூதாதை எனலாம்.

அடுத்து வானொலிக் காலம் வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே தலையில் மாட்டும் ஹெட்போன்களைச் செய்து, 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். மெல்லிய ஒலியையும் அவை தெளிவாகக் காட்டியதால் கடற்படை மேலும் கேட்டு வாங்கியது.

தமிழர்களுக்கும் இக்காலத்தில் பங்கு உண்டு. சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ சங்கத்தைத் தொடங்கி, 1924இல் ஒலிபரப்பும் செய்தனர். பணமுடை காரணமாக 1927இல் அது நின்றது. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அந்நாளில் உலகெங்கும் எளியவர் வைத்திருந்தது படிக வானொலி. அதற்கு மின்கலம் வேண்டாம். ஆனால் வரும் ஒலி மிக மெல்லியது. காதில் கருவியை வைத்தவர் மட்டுமே கேட்க முடியும். குடும்பத்தார் எல்லாரும் கேட்க விரும்பினால், அக்கருவியை ஒரு பாத்திரத்துக்குள் வைத்துவிட்டுச் சுற்றி அமர்வார்கள். பாத்திரம் ஒலியைக் கூட்டித் தரும்.

நம் கேமரன் மலைக்கு வருவோம். ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்ட கைகளில் தமிழர் கைகள் பல. மலாயா வானொலி 1946இல் எழுந்தது. டிரான்சிஸ்டர் வானொலி 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, பின்வந்த ஆண்டுகளில் மலிந்து, தோட்டங்களையும் எட்டியது. லயத்தில் ஒரு வீட்டில் டிரான்சிஸ்டர் இருந்தால் பக்கத்து வீடுகளுக்கும் பாட்டு உண்டு. அதனுடன் ஒற்றைக் காதுக் கருவியும் கிடைத்தது. கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன அதை எல்லாக் காதுக்கும் ஒரே அளவில் செய்தார்கள். சிறிது நேரத்தில் காது நோகும். செய்தி கேட்க அது போதும். பாட்டுக் கேட்டாலோ தகரத்தில் தட்டியது போல் இருக்கும்.

ஏன் அப்படி? இங்கேதான் நாம் தேடும் வேர் இருக்கிறது. நம் காதின் துவாரத்திலிருந்து செவிப்பறை வரை உள்ள வழி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். கருவி அந்த வழியை இடைவெளியின்றி மூடினால், அதன் சிறு தகடு அசைக்க வேண்டிய காற்று மிகக் கொஞ்சம். அப்போது தாழ்ந்த சுருதியும் முழுமையாகக் கேட்கும். சற்றே இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிதான் முதலில் கசிந்து போகும். உறுமியின் முழக்கமும் தவிலின் தொப்பிப் பக்கத்து ஓசையும் மறைந்து, கீச்சென்ற ஒலி மட்டும் மிஞ்சும். ஆகவே காதுக்குப் பொருந்தாத கருவி வலியும் தரும், நல்ல ஒலியும் தராது. விலை எவ்வளவு உயர்ந்ததானாலும் இதுவே உண்மை.

ஜப்பானின் சோனி நிறுவனம் 1979 ஜூலையில் வாக்மேன் என்ற சிறு ஒலிநாடாக் கருவியை வெளியிட்டது. அக்காலத்து ஹெட்போன்கள் 300, 400 கிராம் இருந்தன. வாக்மேனுடன் வந்தது 50 கிராம் அளவே. பஞ்சு வைத்த அந்த ஹெட்போனை நடந்துகொண்டும் போட்டுக்கொள்ளலாம். முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்ததும் குறிப்பிடத்தக்கது. பின்னர் காதுமடலின் குழியில் தங்கும் சிறு கருவிகள் வந்தன. அவை சுமையற்றவை. ஆனால் காதை மூடவில்லை. பேருந்து இரைந்தால் பாட்டு அமுங்கிவிடும். எனவே கேட்பவர் ஒலியைக் கூட்டினார்.

காதை மூடி, வலியுமின்றி இருக்க வழி எங்கிருந்து வந்தது? காது மந்தமானவர்களுக்கான கருவிகளிலிருந்தும், தொழிற்சாலைத் தொழிலாளர்களின் காதைக் காக்க 1970களில் வந்த நுரை அடைப்பான்களிலிருந்தும் வந்தது. நுரையை விரலால் உருட்டிச் செருகினால், அது மெல்ல விரிந்து அவரவர் காதின் வடிவை எடுத்துக்கொள்ளும். காது மந்தக் கருவிகளில் அனுபவம் பெற்ற மீட் கில்லியன் என்ற அமெரிக்க அறிஞரின் நிறுவனம், 1991இல் இசை கேட்பதற்கென்றே அவ்வகை இயர்போனை வெளியிட்டது. இன்று கடையில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் மூன்று அளவு உறைகள் இருக்கின்றன. அவற்றில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்காமல், முதலில் மாட்டியிருப்பதையே வைத்துக்கொள்வோர் நம்மில் பலர். வலக் காதும் இடக் காதும் ஒரே அளவில் இல்லாமலும் இருக்கலாம்.

இதை நாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உட்செவியில், ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ பதினைந்தாயிரம் இருக்கின்றன. கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மீண்டும் துளிர்க்கும். இக்கலங்கள் அழிந்தால் மனிதருக்குத் துளிர்ப்பதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். ஒலி மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் பாதுகாப்பாகக் கேட்கும் நேரம் பாதியாகக் குறையும். பொருந்தாத இயர்போனில் வெளி இரைச்சலை வெல்ல நாம் ஒலியைக் கூட்டுகிறோம். இந்தக் கணக்கு நம்மை அறியாமலேயே கடந்துபோகிறது.

வேலைத்தலத்துக்கும் இது பொருந்தும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள், எட்டு மணி நேர வேலைநாளுக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. ஆலையில் உருளைகள் ஓடும்போதும், மலைச்சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரம் இரையும்போதும் காதைக் காக்க வேண்டியது பாதுகாப்பு அடைப்பானே. பாட்டு ஓடும் இயர்போன் அதற்கு ஈடாகாது. இரைச்சலின் மேல் இன்னொரு இரைச்சலை அது ஏற்றிவிடும்.

நன்றாக மூடும் கருவிக்கும் ஒரு குறை உண்டு. வெளி ஓசை கேட்காது. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறிவரும் பாதையில் வளைவுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். வளைவின் மறைவில் வரும் லாரியைக் கண்ணுக்கு முன்னே காதுதான் அறியும். சாலையோரம் நடக்கும் பிள்ளைகள் கருவியைக் கழற்றிப் பையில் வைக்கட்டும்.

ஆகவே, இயர்போன் வாங்கும்போது உறைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தாழ்ந்த ஒலி திடீரென நிறைந்து கேட்கும் உறையே சரியான அளவு. காது நோகிறதென்றால் அது பொருந்தவில்லை என்று பொருள். ஒலியை அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுங்கள். பாட்டு நின்ற பின் காதில் ரீங்காரம் கேட்டால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அது நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் பாட்டன்மார் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நம் பிள்ளைகள் தனித்தனியே கேட்கிறார்கள். எவ்வாறு கேட்டாலும், அவர்கள் முதுமையில் பேரப்பிள்ளைகளின் மழலையையும் கேட்க வேண்டும் அல்லவா? அதற்கு இன்றே செவியைக் காப்போம்.