மலையேறிய எஞ்சின்கள்

தேவதானப்பட்டி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், மூடிய கதவுக்கே பூசை நடைபெறும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் சந்நிதிதான் பெரும்பாலோர் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூருக்கு அருகே, வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் நெடுஞ்சாலையில், காட்ரோடு என்று ஜனங்கள் வழங்கும் ஒரு பிரிவு இருக்கிறது; கொடைக்கானல் மலைச்சாலை அங்கேதான் தொடங்குகிறது. நம் நாட்டில் மோட்டார் எஞ்சின் பட்ட பாட்டையும், அதை மனிதன் பழக்கி வசப்படுத்திய சரித்திரத்தையும் அறிய விரும்புகிறவர்களுக்கு, அந்தப் பிரிவைக் காட்டிலும் பொருத்தமான இடம் அதிகம் இராது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சென்றதும் 2,100 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. அதற்குள் அது சுவாசிக்கும் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

இந்தச் சாலை எளிதில் உண்டாகிவிடவில்லை. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் குடியேறிய பிறகு வெகுகாலம் வரை, மலைக்குப் போகிறவர்கள் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏறினார்கள். அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்த பின்னும், அங்கிருந்து மலையடிவாரம் வரையில் மாட்டு வண்டிப் பிரயாணமே. 1870-களில் மேஜர் லா என்பவர் தொடங்கிய பாதை இடையில் பல ஆண்டுகள் தடைப்பட்டுக் கிடந்து, 1914-ஐ ஒட்டித்தான் மோட்டார் போகும் சாலையாயிற்று. மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியதும் அந்தக் காலத்தை ஒட்டியே.

அக்காலத்து எஞ்சினுக்கு உணவு சமைத்துக் கொடுத்தது கார்பரேட்டர். 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதமே பூரணமாக எரிவதற்குரிய பிரமாணம். ஆனால் கார்பரேட்டருக்குக் காற்றின் எடையை அறியும் சக்தி கிடையாது. மலையேற ஏறக் காற்று மெலிந்துகொண்டே போக, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாமையால், மேலே போய்ச் சேருவதற்குள் கலவை பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகக் கனத்துவிடும். அதன் பலனாகப் புகை கறுக்கும், பிளக்குகளில் கரி படியும், இழுப்புக் குறையும். காற்றின் அழுத்தம் தணிந்த அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், மூடி சரியாக இறுகாத ரேடியேட்டரின் தொல்லையும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

இதற்குப் பரிகாரம் செய்தவர்கள் பட்டறை மேஸ்திரிகள். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தும், ஐட்லிங் ஓசையைக் காதால் கேட்டும், புகையை முகர்ந்தும் வண்டியின் நிலையை நிச்சயித்து, மிக்சர் திருகைச் சற்றே திருப்புவார்கள். ஜெட்டைச் சிறியதாக மாற்றுவார்கள். பற்றவைக்கும் டைமிங்கைச் சிறிது முன்னே தள்ளுவார்கள். கீழே இறங்கிய பிறகு அத்தனையும் பழைய நிலைக்குத் திரும்பியாக வேண்டும். மறந்துவிட்டால், மலைக்கென்று மெலிவித்த கலவை சமவெளியின் வெயிலில் எஞ்சினைச் சூடேற்றித் தட்டச் செய்து வால்வுகளைக் கருக்கிவிடும். ஒரு திருகைத் தொட்டால் மற்றவற்றையும் தொட்டாக வேண்டும் என்ற ஞானம் அவர்களுக்கு அநுபவத்தில் வந்தது. அதை நான் மிக உயர்ந்த வித்தையாகவே மதிக்கிறேன்.

அந்த வித்தைக்குக் கடுமையான பரீட்சை இரண்டாவது உலக யுத்தத்தின்போது வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டதும், டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலத்தைச் செய்து பஸ்களில் பொருத்தினார்கள். அடுப்பு மூட்டி, காற்று ஊதி, கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயு எழும்பும்வரை காத்திருந்து புறப்பட்ட அந்தக் கரி பஸ்களில், பெட்ரோலில் கிடைத்த சக்தியில் பெரும் பகுதி கிடைக்காது. ஏற்றத்தில் பிரயாணிகள் இறங்கி நடப்பதும் தள்ளுவதும் சகஜமாயிருந்தன. வாயு மெதுவாக எரியும் இயல்புடையதாகையால் டைமிங்கை முன்னே தள்ளி, வடிகட்டியை ஓயாமல் சுத்தம் செய்து, காற்று வழியை அடிக்கடி திருத்தி ஓட்டிய டிரைவர்களும் மேஸ்திரிகளும், எரிபொருளே மாறினாலும் எஞ்சின் முழுவதையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் வண்டி ஓடும் என்பதை அன்றாடம் நிரூபித்தார்கள்.

டீசல் வந்தபோது குறுக்கு வழியின் ஆசையும் கூடவே வந்தது. 1951-இல் தொடங்கிய பெங்களூர் மைகோ தொழிற்சாலையின் பம்புகளும் நாசில்களும் பரவிய பிறகு, பம்பின் முத்திரையை உடைத்து, டீசல் அளவுத் திருகைத் தளர்த்தி, இழுவை கூடியதாக மகிழ்ந்தவர்கள் உண்டு. கரும்புகையும், சூட்டில் வெடித்த பிஸ்டனும் அதற்குக் கிடைத்த கூலி. பம்பைக் கழற்றிச் சோதனை மேசையில் ஏற்றி அளந்து சரிசெய்யும் கடைகளுக்கே விவேகிகள் போனார்கள்.

1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாட்டையும், 1976-இல் புகையிலுள்ள பிராணவாயுவை அறியும் சென்சாரையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2000-க்குப் பின் புகைக் கட்டுப்பாடுகள் இறுக இறுக, கார்களிலிருந்து கார்பரேட்டர் மறைந்தது. இன்று காட்ரோட்டில் திரும்பும் சாதாரணக் கார்கூட, உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் கணந்தோறும் அளந்து, வளைவுக்கு வளைவு தன் கலவையைத் தானே திருத்திக்கொண்டு ஏறுகிறது. மேஸ்திரியின் காதும் கண்ணும் மூக்கும் செய்த காரியத்தையே இந்தச் சென்சார்கள் செய்கின்றன. அவ்விதத்தில் அவை அவருடைய வாரிசுகள்.

வண்டியின் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி இப்பொழுது சந்தையில் விற்கும் செருகு கருவி, அந்த வாரிசுகளிடம் பொய் சொல்லும் கருவி. காற்று உஷ்ணமானி குளிர் மிகுந்தால் மின்தடை மிகும் இயல்புடையது. அதன் கம்பியில் ஒரு தடையைச் சேர்த்துவிட்டால், வெயில் காற்றையும் குளிர்காற்றென்று நம்பி, எஞ்சினை ஆளும் கணினி அதிகப் பெட்ரோலைக் கொடுக்கும். ஆனால் பிராணவாயுச் சென்சார் மிகுதியைக் கண்டறிந்து, சிறிது நேரத்தில் அதைக் குறைத்துவிடும், மிஞ்சுவது செலவுதான். டீசல் வண்டியில் செருகும் பெட்டியோ, குழாயின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி உண்மை அழுத்தத்தை ஏற்றுகிறது. சக்தி கூடுவது மெய்யே. ஆனால் அச்சுமையை நாசிலும் டர்போவும் பிஸ்டனும் தாங்குமா என்று பார்ப்பார் ஒருவரும் இல்லை. முத்திரை உடைத்த பழைய பம்பின் கதைதான் இதுவும்.

தேர்ந்த டியூனிங் நிபுணரின் முறை வேறு. வண்டியை உருளைகளின் மேல் ஓட விட்டு அதன் சக்தியை அளந்து, ஒவ்வொரு வேகத்திலும் கலவையையும் தட்டுதலையும் கவனித்து, கணினியிலுள்ள கட்டளை அட்டவணையையே அவர் திருத்துகிறார். செலவு மிகுதிதான். உத்தரவாதம் போகக்கூடும், பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். இருந்தும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டுமென்றால், அளந்து செய்பவரிடமே வண்டியை ஒப்புவிக்கலாம் என்பது என் துணிபு.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளின் உடைமையாளர்களை விசேஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்: ஏற்றத்தில் வண்டி தளர்ந்தால், முதலில் காற்று வடிகட்டியையும் நாசிலையும் கம்ப்ரஷனையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், மனிதர்களைச் சுமக்கும் வண்டியில் அந்தப் பெட்டியைச் செருக வேண்டாம்.