வங்காளத்துக் கந்தல் சித்திரங்கள்

வங்காளத்துக் கிராமங்களில், உடுத்து நைந்த சேலைகளையும் வேஷ்டிகளையும் எறிந்துவிட மனம் வராத ஸ்திரீகள், அவற்றை அடுக்கடுக்காக விரித்து, பழஞ்சேலைக் கரைகளிலிருந்து உருவிய சிவப்பு, நீல, கறுப்பு நூல்களால் நெருக்கமாக நூலோட்டி, குளிருக்குப் போர்வையாகவும், விருந்தினருக்கு விரிப்பாகவும், முகக்கண்ணாடிக்கும் புஸ்தகத்துக்கும் உறையாகவும் ஆக்கிக்கொண்ட கைத்தொழிலே நக்ஷி காந்தா. நடுவில் இதழ் விரித்த தாமரை, நான்கு மூலைகளிலும் விருக்ஷம், இடையிடையே யானை, பல்லக்கு, மீன், ரதம் என்று புராணத்தையும் ஊர் நடப்பையும் பேதமின்றிக் கலந்தார்கள். வெற்றிடத்தை நிரப்பும் தையல் துணியைச் சற்றே சுருங்கச் செய்வதால், உருவங்கள் சிற்றலைமேல் மிதப்பன போலத் தோன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குல்னாப் பிரதேசத்து மானதாசுந்தரி என்ற மாது, தன் பிதாவுக்குக் காணிக்கையாகத் தைத்த காந்தாவில், தேவர்களுக்குச் சமீபத்திலேயே வெள்ளைக்காரத் துரைகளையும் நிறுத்தி, சமர்ப்பண வாசகத்தையும் ஊசியாலேயே எழுதிவைத்தாள். ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தராயிருந்த குருசதய தத்தர் (1882–1941) கிராமம் கிராமமாகச் சேகரித்ததனால்தான், அதுவும் அதனையொத்த பலவும் கல்கத்தாவை அடுத்த ஜோகாவிலுள்ள காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தன. 1929-இல் கவி ஜசீமுத்தீன் நக்ஷி காந்தாவையே மையமாக்கி ஒரு கதைக்காவியம் இயற்றினார்.