கைத்தவறா, கருத்தா?

அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலில், எறியும் பந்து மட்டைக்காரர் மேனியிற் பட்டால், அது கைத்தவறா, கருதிச் செய்த தீங்கா என்னும் கேள்வி எழுகிறது. எறிந்தவர் நெஞ்சை யார் அறிவார்?

1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி, நியூயார்க் நகரில் கார்ல் மேஸ் எறிந்த பந்து, கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையைத் தாக்கிற்று. மறுநாள் அவர் மாண்டார். பந்து மட்டையிற் பட்டதென்றே எண்ணிய மேஸ், தம்மிடம் திரும்பி வந்த அதையெடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். கொல்லக் கருதியவர் செய்கையோ இது? ஆயினும், மட்டைக்காரரை அச்சுறுத்த மேனியை ஒட்டி எறிபவர் என்ற பெயர் அவருக்கு முன்னமே இருந்தது. அப்பெயரே சாட்சியாயிற்று, அவரை விலக்க வேண்டுமென வேற்றணியினர் பலர் முழங்கினர். அரசாங்க வக்கீல் காரியாலயமோ குற்றமில்லை என விடுத்தது.

அழுக்கேறிய பந்தை உடனே மாற்றும் வழக்கம் அதன்பின் வலுத்தது. தலைக்கவசம் 1971-இல் கட்டாயமாயிற்று. கருதி எறிந்ததாகத் தோன்றினால், எறிந்தவரை வெளியேற்றவோ இரு அணியையும் எச்சரிக்கவோ நடுவருக்கு இன்று அதிகாரமுண்டு.

இதுவே நேர்வழியென்போம். ஆபத்தை விதியால் தடுக்கலாம். பழம்பெயரைக் கொண்டு ஒருவரைக் கொலைகாரரெனத் தீர்ப்பது நீதியாகாது.